குறைந்த பட்ஜெட்டில் லேப்டாப்: எதில் சமாளிக்கலாம், எதில் கூடாது

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். கையில் பணம் குறைவாக இருக்கும்போது அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. எல்லா கம்பெனிகளும் நல்ல லேப்டாப்பும் செய்கின்றன, மலிவு வரிசையில் மட்டமானதும் செய்கின்றன. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இந்த லேப்டாப்பில் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியது எது, கடைசிவரை மாற்றவே முடியாதது எது?

இது பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் லேப்டாப்பை மெலிதாக இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாங்கினேன். 4 ஜிபி ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை லேப்டாப் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். "போதாவிட்டால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்துப் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ரேம் செருக இடமே இல்லை. உள்ளே பாகங்களைத் தாங்கும் மதர்போர்டோடு, உலோகத்தை உருக்கிச் சால்டர் செய்து ஒட்டியிருந்தார்கள். அப்புறம் நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

அன்றிலிருந்து என் கணக்கு ஒன்றுதான். மாற்ற முடியாத பாகத்தில் பணத்தைப் போட வேண்டும், மாற்றக் கூடியதில் இப்போதைக்குச் சமாளிக்க வேண்டும். பிராசஸர் (லேப்டாப்பின் கணக்கிடும் மூளை), திரை, கீபோர்டு, உடல்கட்டு எல்லாம் பெரும்பாலும் வாங்கியது வாங்கியதுதான். கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான லேப்டாப்புகளில் மாற்றலாம். பேட்டரி தேய்ந்தால் புதிது போடலாம். ரேம் மட்டும் மாடலுக்கு மாடல் வேறுபடும், பலர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

அதற்கு முன்னால், என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். படிப்பது, எழுதுவது, எக்செல் கணக்கு, வீடியோ மீட்டிங், படம் பார்ப்பது. பெரும்பாலானோருக்குத் தேவை இவ்வளவே. இவற்றில் எது கனமான வேலை என்றால் பலரும் எக்செல் என்பார்கள். உண்மையில் ரேமை விழுங்குவது பிரவுசர்தான். இருபது டேப் திறந்திருக்க, பக்கத்தில் ஒரு மீட்டிங்கும் ஓடினால் மலிவு லேப்டாப்பின் சாயம் வெளுத்துவிடும். நிரல் எழுதக் கற்றுக்கொள்பவருக்கும் இதே அளவு லேப்டாப் போதும். வீடியோ எடிட்டிங்கும் பெரிய கேம்களும் தனிக் கணக்கு. குறைந்த விலையில் "கேமிங்" என்று பெயர் போட்டு வருவதில் படம் வரைவதற்கான தனிப் பாகமான கிராபிக்ஸ் கார்டுக்குப் போன பணத்தைத் திரையிலும் பேட்டரியிலும் வெட்டியிருப்பார்கள். வேலைக்குக் கார்டு தேவையில்லை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிராசஸர்: ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

இன்டெல் கம்பெனியின் பிராசஸர்களில் ஐ7 என்றால் ஐ5-ஐ விட வேகம், ஐ5 என்றால் ஐ3-ஐ விட வேகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரே காலத்தில் வந்த, ஒரே வகைப் பிராசஸர்களுக்குள் அது பெரும்பாலும் சரி. வருடம் மாறினால் கதையும் மாறிவிடும். 2013-இல் வந்த ஐ7-4600யூ-வில் கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் கணக்கிடும் பகுதிகள், இரண்டே இரண்டு. 2022-இல் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு. அந்தப் பழைய ஐ7 இந்த ஐ3-க்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனாலும் பழைய லேப்டாப் விற்பவர்கள் "ஐ7 சார்" என்று சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் வரும். வயது என்ன என்று கேளுங்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ3, ஐ5-க்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். அது 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை: ஐ5-1135ஜி7 என்பது 11-ஆம் தலைமுறை, ஐ3-1215யூ 12-ஆம் தலைமுறை. வேறு எண்ணில் தொடங்கினால் முதல் இலக்கம் மட்டும்: ஐ5-7200யூ 7-ஆம் தலைமுறை, ஐ5-8250யூ 8-ஆம் தலைமுறை. கடைசியில் வரும் எழுத்துக்கும் பொருள் உண்டு. யூ என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது. எச் என்றால் வேகம் அதிகம், கூடவே சூடும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும்.

அந்த 7-க்கும் 8-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் 8-ஆம் தலைமுறை வந்தபோதுதான் சாதாரண லேப்டாப்புகளின் ஐ5 இரண்டு கோரிலிருந்து நான்கு கோருக்கு மாறியது. விண்டோஸ் 11-ஐ அதிகாரப்பூர்வமாக ஏற்கும் இன்டெல் வரிசையும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. பழையது வாங்குவதாக இருந்தால் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

2023 கடைசியிலிருந்து இன்டெல் அந்த "ஐ" எழுத்தை விட்டுவிட்டு கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயர் வைக்க ஆரம்பித்திருக்கிறது. பெயர் எதுவானாலும் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இன்டெலின் போட்டி கம்பெனியான ஏ.எம்.டி. பக்கம் இன்னும் வேடிக்கை. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். முதலாவதில் நான்கு கோர், உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. இரண்டாவதில் ஆறு கோர், அடுத்த தலைமுறையான ஜென் 3. அந்த 7000 வரிசையில் வடிவமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். முதல் இலக்கத்தை மட்டும் பார்த்துப் புதியது என்று நினைத்தால் ஏமாந்தோம். போதாக்குறைக்கு 7520யூ ஏற்பது எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேமை மட்டும்தான். அது போர்டிலேயே சால்டர் ஆகி வரும், ஆகவே பின்னால் ரேம் கூட்டும் பேச்சே இல்லை. 8 ஜிபியோடு வாங்கினால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான்.

விலை வரிசையின் அடிமட்டத்தில் செலரான், பென்டியம் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். 2023-லிருந்து வரும் புது லேப்டாப் சில்லுகளுக்கு இன்டெல் அந்தப் பெயர்களை வைப்பதில்லை, வெறும் "இன்டெல் பிராசஸர்" என்று போடுகிறது. செலரான் என்4020-இல் இரண்டு கோர். அதில் விண்டோஸை ஓட்டுவது தண்டனை. அதே குடும்பத்தில் பிறகு வந்த என்100-இல் நான்கு கோர் இருக்கிறது. படிக்க, எழுத, வீடியோ பார்க்க அது சமாளிக்கும். வேறு வழியே இல்லாத பட்ஜெட் என்றால் என்100 வரைக்கும் இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

ரேம்: எத்தனை ஜிபி என்பது பாதிக் கேள்விதான்

ரேம் நிரம்பினால் என்ன ஆகும்? லேப்டாப் நின்றுவிடாது. கொஞ்ச நேரமாகத் தொடாத விவரங்களை எடுத்து எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒதுக்கி வைக்கும், நீங்கள் அந்த டேபுக்குத் திரும்பினால் மறுபடி எடுத்து வரும். இந்தப் போக்குவரத்தைத்தான் நாம் "ஹேங் ஆகிறது" என்கிறோம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது இன்ஸ்டால் ஆவதற்கான அளவு, நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு இல்லை. இன்றைக்கு 8 ஜிபி அடிமட்டம், 16 ஜிபி சௌகரியம்.

மீதிப் பாதி, பிறகு கூட்ட முடியுமா என்பது. கம்பெனியின் மாடல் விவரப் பக்கத்தில் "ஆன்போர்டு", "சால்டர்டு" என்று இருந்தால் முடியாது. "சோடிம் ஸ்லாட்" (ரேம் துண்டைச் செருகும் இடம்) என்று இருந்தால் முடியும். சிலவற்றில் பாதி போர்டிலும் பாதி ஸ்லாட்டிலுமாக இருக்கும், அதுவும் பரவாயில்லை. லேப்டாப் கையிலேயே கிடைத்தால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். வகை என்ற இடத்தில் "சோடிம்" என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ஒட்டியது. ஸ்லாட் எத்தனை, அதில் நிரம்பியது எத்தனை என்பதும் அங்கேயே தெரியும்.

8 ஜிபி ஒரே துண்டாக இருந்து பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தால் அதை ஒரு வரப்பிரசாதம் என்பேன். நாளைக்கு இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகினால் அளவு இரட்டிப்பாகும். இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் காட்டும் வேகமும் கூடும், ஏனென்றால் அங்கே கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. வாங்கும்போது ரேமின் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது.

சேமிப்பகம்

ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவானது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். லேப்டாப் ஹார்ட் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுற்றி வரும்வரை படிக்கும் முனை காத்திருக்க வேண்டும், அதற்கு முன் சரியான வட்டத்துக்கு நகர்ந்தும் வர வேண்டும். ஆகவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு என்ற கணக்கில்கூட எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் தேவைப்படும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டவர்கள் "புதுசு மாதிரி ஆகிவிட்டது" என்பது மிகையில்லை.

எஸ்எஸ்டிக்குள் வரும் பெயர்ச் சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சேட்டா வகை விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும், என்விஎம்இ வகை அதைப்போலப் பல மடங்கு. ஆனால் பிரவுசரும் வேர்டும் திறக்கும் வேகத்தில் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

கவனிக்க வேண்டிய பெயர் இஎம்எம்சி. 64 ஜிபி, 128 ஜிபி என்று மலிவு லேப்டாப்புகளில் வரும் இது எஸ்எஸ்டி போலத் தோன்றினாலும் வேகம் குறைவு, பெரும்பாலும் போர்டில் ஒட்டியதும்கூட. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. 64 ஜிபி இஎம்எம்சியில் முதல் பெரிய அப்டேட் வரும்போதே "இடம் இல்லை" என்று நிற்கும். மற்றபடி 256 ஜிபி எஸ்எஸ்டி தொடங்குவதற்குப் போதும், பிறகு பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் அதை 238 ஜிபி என்று காட்டினால் யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. அந்த இடைவெளிதான் இது.

திரையும் பேட்டரியும்

விலையைக் குறைக்க கம்பெனிகள் முதலில் கைவைப்பது திரையில்தான், ஏனென்றால் பெரும்பாலானோர் அதைக் கேட்பதில்லை. 1366×768 திரையில் சுமார் பத்து லட்சம் புள்ளிகள். 1920×1080-இல் சுமார் இருபது லட்சம். தமிழ் எழுத்தில் சுழிகளும் வளைவுகளும் அதிகம், குறைந்த புள்ளிகளில் அவை கசங்கிப்போகும். நாள் முழுக்க கண் பார்க்கப்போவது இதைத்தான், அதனால் 1920×1080-க்குக் கீழே இறங்காதீர்கள். ஐபிஎஸ் வகைத் திரையா என்றும் பாருங்கள். பழைய டிஎன் வகையில் திரையைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ சாய்த்தால் நிறம் அப்படியே மாறிவிடும். வெளிச்சம் 250 நிட் என்றால் அறைக்குள் போதும், சன்னலோரம் உட்கார்ந்தால் கொஞ்சம் திணறும்.

கீபோர்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முடிந்தால் ஐந்து நிமிடம் எழுதிப் பாருங்கள்.

பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்று விளம்பரத்தில் இருப்பது, வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ மட்டும் ஓட்டிப் பார்த்த கணக்காக இருக்கும். அதற்குப் பதில், பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்று சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். சாதாரண வேலையில் ஒரு லேப்டாப் சராசரியாக 7 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-அவர் பேட்டரி 6 மணி நேரம் தாங்கும். மீட்டிங் ஓடினால் வாட் ஏறும், நேரம் இறங்கும். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பாக இருந்தால் ஒரு கூடுதல் நிம்மதி: சார்ஜர் கெட்டுப்போனால் அதே கம்பெனியின் சார்ஜரைத் தேடி அலைய வேண்டாம், போதிய வாட் உள்ள வேறொன்றும் பெரும்பாலும் வேலை செய்யும்.

சரி, இதையெல்லாம் சேர்த்து ஒரு முடிவெடுத்துப் பார்ப்போம். ஒரே விலையில் இரண்டு லேப்டாப். ஒன்றில் ரைசன் 5 7520யூ, ஒட்டிய 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. மற்றதில் ஐ3-1215யூ, 8 ஜிபி ஒரே துண்டு, ஒரு ஸ்லாட் காலி, 256 ஜிபி எஸ்எஸ்டி. விளம்பரத்தில் முதலாவதுதான் மின்னும்: ரைசன் 5, 512 ஜிபி! நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அதன் குறை எஸ்எஸ்டியின் அளவு மட்டும்தான், அதைப் பணம் வரும்போது தீர்த்துக்கொள்ளலாம். முதலாவதின் குறையை எந்தப் பணத்தாலும் தீர்க்க முடியாது.

புதிதா, பழையதா?

என்னைக் கேட்டால், பட்ஜெட் மிகவும் இறுக்கமாக இருந்தால் செலரான் போட்ட புது லேப்டாப்பை விட, அலுவலகத்தில் ஓடிய நல்ல பழைய லேப்டாப் மேல். லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் போன்றவற்றைப் பெரிய நிறுவனங்கள் மொத்தமாக எடுத்து, மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடும். அவைதான் பழையதைச் சோதித்துச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு சந்தைக்கு வருகின்றன. புதிதாக இருந்தபோது விலை அதிகம், அதனால் கீலும் கீபோர்டும் உறுதியாக இருக்கும். உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும்.

உதாரணத்துக்கு 2018-இல் வந்த திங்க்பேட் டி480. ரேமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொன்று. 8-ஆம் தலைமுறை பிராசஸர் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் 11-ம் ஓடும். ஆனால் டி480எஸ் என்று பெயரில் ஓர் எழுத்து கூடினாலே உள்ளே வேறு: ரேமில் ஒரு பகுதி போர்டில் ஒட்டியது, ஸ்லாட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பன் என்றால் முழுக்க ஒட்டியது. அதனால் விற்பவரிடம் முழு மாடல் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாகத் தேடிப் பாருங்கள்.

பழையதை வாங்கும் முன் கையோடு சோதிக்க வேண்டியவை சில. லேப்டாப்பைத் தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தாலும் அதே முடிவு, நீங்கள் புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும் அது தலைகாட்டும். மேக்புக் என்றால் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். டச்பேட் லேசாகப் புடைத்து மேலே வந்திருந்தால் அடியில் பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தொட வேண்டாம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளை மூலம் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்கள் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். அது மாற்றக் கூடிய பாகம்தானே.

மேக்புக் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது, உள்ளே மின்விசிறியே கிடையாது. ஆனால் அதில் ரேமும் சேமிப்பகமும் இரண்டுமே ஒட்டியவை. என் கணக்குப்படி இது முழுக்க முழுக்க "வாங்கும்போதே போதிய அளவு வாங்கிவிட வேண்டிய" லேப்டாப்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 10 மட்டுமே ஓடக்கூடிய லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் அதுதான். அப்படி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இணையத்துக்கும், லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் எழுதவும் நன்றாகப் பயன்படும். காசு கொடுத்துப் புதிதாக அதை வாங்கத்தான் கூடாது.

பிரவுசரிலேயே எல்லா வேலையும் முடியும் என்பவருக்கு, விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக் நல்ல தேர்வு. குறைந்த பிராசஸரிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கும் அப்டேட் முடியும் தேதி ஒன்று உண்டு. 2021-லிருந்து வந்த மாடல்களுக்குப் பத்து வருடம் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த மாடலின் அடித்தளம் வெளியான காலத்திலிருந்து எண்ணப்படுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் குரோம்புக்கில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதி.

புது விண்டோஸ் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே எதையும் இன்ஸ்டால் செய்ய விடவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அது எஸ் மோடில் இருக்கிறது. இலவசமாக வெளியே வந்துவிடலாம், திரும்பிப் போகத்தான் முடியாது.

வாங்கிய முதல் வாரம் லேப்டாப்பைச் சும்மா வைக்காதீர்கள். முழு வெள்ளைப் படம், முழுக் கறுப்புப் படம் இரண்டையும் திரையில் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா விசையையும் ஒருமுறை அழுத்துங்கள், எல்லாத் துளையிலும் எதையாவது செருகுங்கள், கேமராவையும் மைக்கையும் திறந்து பேசிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசஸர் எண்ணும் ரேமும் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பாருங்கள். பெட்டியையும் பில்லையும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை தூக்கிப் போட வேண்டாம்.